பந்திக்குப் பிந்தியவர்

பந்திக்கு முந்த வேண்டும், படைக்குப் பிந்த வேண்டும் என்று நம்மவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ராஜ்ய விவகாரங்களில் அதன் முற்பாதி வேடிக்கையன்று, முழு உண்மை. பந்திக்குப் பிந்திய ஒரு பெரிய தேசம் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் வாசலில் நின்ற வரலாற்றை இம்மாதம் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அந்தத் தேசம் பிரிட்டன். அது தட்டிய கதவு ஐரோப்பியப் பொதுச் சந்தையினுடையது.

1957 மார்ச்சு 25-ஆம் தேதி பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோமாபுரியில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தங்களுக்குள் சுங்க வரியைப் படிப்படியாக ஒழிப்பது, வெளியார் சரக்குக்கு ஆறு நாடுகளும் ஒரே வரி விதிப்பது என்பது அதன் சாரம். பிரிட்டனும் தொடக்கத்திலேயே சேர்ந்திருக்கலாம். 1955-இல் நடந்த ஆரம்பப் பேச்சுகளுக்கு அது தன் பிரதிநிதியை அனுப்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் விலகிக்கொண்டது. காமன்வெல்த் வாணிபமும் அமெரிக்காவின் சிநேகமும் தனக்குப் போதும் என்று அது எண்ணிற்று. 1960-இல் வேறு ஆறு நாடுகளைச் சேர்த்துக்கொண்டு தனி வாணிபக் கூட்டு ஒன்றையும் அமைத்துப் பார்த்தது. ஆயினும் பொதுச் சந்தை நாடுகளின் தொழில் வளர்ந்த வேகத்தைக் கண்டபின் அதன் மனம் மாறியது. 1961 ஜூலை 31 அன்று பிரதம மந்திரி மாக்மில்லன், விண்ணப்பம் செய்யப்போவதாகப் பார்லிமெண்டில் அறிவித்தார்.

பேரம் பேசும் பொறுப்பு எட்வர்டு ஹீத் என்ற மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பாரிஸ் நகரில் அவர் மூன்று கவலைகளை எடுத்துரைத்தார். காமன்வெல்த் நாடுகளின் வாணிபம் ஒன்று. பிரிட்டிஷ் விவசாயிகளின் நலன் மற்றொன்று. தனிக் கூட்டில் சேர்ந்த தோழமை நாடுகளின் கதி மூன்றாவது.

முதற் கவலை நம்மையும் சேர்ந்தது. நம் தேயிலையும் பருத்தித் துணியும் அன்று பிரிட்டனுக்குள் சுங்க வரியின்றிச் சென்றன. பிரிட்டன் பொதுச் சந்தையில் புகுந்தால் அவற்றின் மீது பொது வரி விழும். நீலகிரியில் கொழுந்து கிள்ளுவோரின் கூலியும், கோவை ஆலைத் தொழிலாளியின் வேலையும் ப்ரஸ்ஸல்ஸ் நகரத்து மேஜையோடு பிணைந்திருந்தன. ஆனால் அந்த மேஜையில் இந்தியாவுக்கு நாற்காலி இல்லை. நமக்காகவும் பிரிட்டனே பேசிற்று. தேயிலைக்கு வரி வேண்டாம், துணிக்கு வரியைச் சிறிது சிறிதாக ஏற்றலாம், பின்னர் தனி வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்று 1962 ஆகஸ்டுக்குள் ஓரளவு இணக்கம் ஏற்பட்டது. அடுத்த மாதம் லண்டனில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில் நேருவும் பிற தலைவர்களும் தங்கள் ஐயப்பாடுகளை வெளியிட்டனர்.

அத்தனை பேச்சும் ஒரே நாளில் வீணாயிற்று. புதிய அங்கத்தினரைச் சேர்க்க எல்லா நாடுகளின் சம்மதமும் வேண்டும் என்பது ரோம் உடன்படிக்கையின் விதி. ஐவர் இசைந்தாலும் ஒருவர் தலையசைக்காவிட்டால் கதவு திறவாது. 1963 ஜனவரி 14 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி டி கால், பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, பிரிட்டன் கடல் சூழ்ந்த தீவு, தூர தேசங்களோடு கட்டுண்டது, இக்கூட்டுக்குப் பக்குவப்படவில்லை என்ற கருத்தில் பேசி மறுத்துவிட்டார். அதற்கு முந்தைய மாதந்தான் மாக்மில்லன் அமெரிக்காவிடம் போலாரிஸ் ஏவுகணைகளைப் பெற இசைந்திருந்தார். பிரிட்டன் உள்ளே வந்தால் அதன் பின்னால் அமெரிக்காவும் வரும் என்பது டி காலின் அச்சம். 1967-இல் வில்ஸன் மறுபடியும் விண்ணப்பித்தார். அவ்வாண்டு நவம்பரில் டி கால் மறுபடியும் மறுத்தார்.

1969-இல் டி கால் பதவி துறந்தார். பின் வந்த போம்பிடூ கதவைச் சற்றே நெகிழ்த்தார். ஆனால் அதற்குமுன் உள்ளிருந்தோர் செய்துகொண்ட ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டும். விவசாய மானியக் கொள்கையின் அடிப்படையை அவர்கள் 1962-லேயே வகுத்துவிட்டனர். பொது நிதிக்கு வருவாய் சேர்க்கும் முறையை 1970 ஏப்ரலில் முடித்தனர். மீன்பிடி உரிமை பற்றிய இணக்கமோ, புதிய விண்ணப்பதாரர்களுடன் பேச்சுத் தொடங்கிய 1970 ஜூன் 30 அன்றே ஏற்பட்டது! விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றுமுன் வீட்டார் பங்கு பிரித்துக்கொண்டதற்கு ஒப்பாகும் இது. வந்தவர் விதிகளைத் திருத்த முடியாது. அவற்றுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் மட்டுமே கேட்கலாம்.

எஞ்சிய பேரம் அந்த அவகாசத்தைப் பற்றியதே. பொது நிதிக்குப் பிரிட்டனின் பங்கு முதலாண்டில் நூற்றுக்கு 8.64 என்று தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 18.92 ஆக உயரும் என்று தீர்மானமாயிற்று. நியூசிலாந்து வெண்ணெயின் அளவு ஐந்தாண்டில் நூற்றுக்கு எண்பதாகக் குறையும். 1971 மே மாதம், இதற்குள் பிரதம மந்திரியாகிவிட்ட ஹீத்தும் போம்பிடூவும் பாரிஸில் இரண்டு நாள் சந்தித்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க் மூன்றும் உள்ளே சென்றன. உடன் வந்த நார்வே மக்களோ, மீனையும் உழவையும் பறிகொடுக்க மனமின்றி, 1972 செப்டம்பரில் வாக்களித்து வாசலோடு திரும்பிவிட்டனர். அவசரமாய் எழுதிய மீன் விதி ஓர் அங்கத்தினரை இழப்பதற்கும் காரணமாயிற்று.

உள்ளே போனதோடு பேரம் ஓயவில்லை. பங்கு அதிகம் என்று வாதாடி 1984-இல் தாட்சர் அம்மையார் தள்ளுபடி பெற்றார். 2016-இல் மக்கள் வாக்களித்து, 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது.

நம் நாடு என்ன செய்தது? பிறர் நமக்காகப் பேசுவார் என்று மட்டும் நம்பியிராமல், 1962-லேயே பொதுச் சந்தையுடன் நேரடித் தூதுறவு ஏற்படுத்திக்கொண்டது. 1973 டிசம்பரில் தானே ஒரு வர்த்தக உடன்படிக்கையும் செய்துகொண்டது. வக்கீலை நம்பலாம், ஆனால் வக்கீல் தம் வழக்கையும் நம் வழக்கையும் ஒரே நாளில் வாதாடினால், எது முதலில் விட்டுக்கொடுக்கப்படும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

இது பழங்கதையன்று. கீழை நாடுகளின் விரிந்த வாணிபக் கூட்டிலிருந்து 2019 நவம்பரில் இந்தியா விலகிக்கொண்டது. மறு ஆண்டு பதினைந்து நாடுகள் கையெழுத்திட்டு, இந்தியாவுக்கு வாயில் திறந்தே இருக்கும் என்றும் அறிவித்தன. விலகியதற்குத் தக்க காரணங்கள் உண்டு: நம் பால்காரரும் சிறு தொழிலாளரும் வெளிச் சரக்கின் வெள்ளத்தைத் தாங்குவார்களா என்ற கவலை சாமானியமானதன்று. சேராதிருப்பது நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் என்றேனும் சேர எண்ணினால், அதற்குள் உள்ளிருப்போர் எழுதி முடித்த விதிகளுக்கு நாம் தலை வணங்க நேரும். நார்வேயைப்போல் வேண்டாம் என்று திரும்பவும் தெம்பு வேண்டும். பிரிட்டனைப்போல் காத்திருக்கவும் பொறுமை வேண்டும். எதுவானாலும், வேளை தப்பியவருக்கு எந்தப் பந்தியிலும் கூடுதல் விலை உண்டு என்பதை மறவாதிருப்போமாக.