கூடாரம் போட ஓர் இடம் வேண்டும்



குழந்தைகளின் கைபேசி மோகம் பற்றிய தங்கள் இதழின் கட்டுரையை முழுமையாக ஏற்கிறேன். அதில் சொன்ன, குடும்பத்தோடு வெளியில் கூடாரம் போட்டுத் தங்கும் யோசனை எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்குவது தென்காசி, நெல்லைக் குடும்பங்களின் பழைய வழக்கம். நாங்கள் தங்கியபோது கைபேசியில் சிக்னல் சரியாக எட்டவில்லை. என் மகன் தாத்தாவிடம் கல் கூட்டி அடுப்பு மூட்டக் கற்றான். ஆற்றில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டான். வீட்டில் இருவரும் அவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

அந்தக் கோயில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதியில். அங்கே தங்கும் நாட்களை வனத்துறை குறைத்திருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆற்றில் விடும் துணிகளும் பிளாஸ்டிக்கும் கொஞ்சமா? குறைந்த அந்த நாட்களுக்கு ஈடாக, குற்றால மலையடிவாரத்தில் காட்டுக்கு வெளியே, கழிப்பறையும் குடிநீரும் உள்ள எளிய கூடார மைதானம் ஒன்றைச் சுற்றுலாத் துறை அமைக்கலாம். பொங்கல், கோடை விடுமுறைகளில் குறைந்த கட்டணத்துக்குத் தரலாம். மாவட்ட நிர்வாகம் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

– வாசகர், கடையநல்லூர்