வீட்டுச் சாப்பாடு இலவசமா?

செங்கல்பட்டில் இருக்கும் என் நண்பர் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகள். பையன் கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். விடுதி வாசம். பெண் சென்னையில், நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. அவள் மட்டும் தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறாள்.

‘‘ஏன் சார், பொண்ணையும் விடுதியில சேர்த்திருக்கலாமே?’’ என்று கேட்டேன்.

‘‘கட்டுப்படியாகாது சார். வீடு இருக்கும்போது எதுக்கு வாடகை? வீட்டுச் சாப்பாடு, சீசன் டிக்கெட். முடிஞ்சுது செலவு!’’ என்றார்.

இதே பதிலை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். அல்லது உங்கள் அப்பா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாமா?

வீட்டு வாசலிலிருந்து கல்லூரி வாசலுக்குப் போக இரண்டு மணி நேரம். திரும்பி வர இரண்டு மணி நேரம். வருடத்துக்கு 180 நாள் கல்லூரி என்று வைத்துக்கொண்டால், 720 மணி நேரம். ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டால் முழுசாக 30 நாள். மூன்று வருடப் படிப்பில் மூன்று மாதத்தை அந்தப் பெண் ரயிலிலும் பிளாட்பாரத்திலும் கழிக்கிறாள். ‘ரயிலில் படிக்கலாமே’ என்பவர்கள், ஒரு நாள் காலையில் தாம்பரம் தாண்டியதும் அந்தப் பெட்டியில் நின்று புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் நூலகம் கிடையாது. நாடகம் கிடையாது. சிநேகிதிகளோடு உட்கார்ந்து வெட்டி அரட்டையும் கிடையாது. கல்லூரி என்றால் அவளுக்கு வகுப்பு மட்டும்தான்.

அப்புறம், அந்த இலவசச் சாப்பாடு. அவள் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் நாலரைக்கு அடுப்பு எரிய வேண்டும். எரிய வைப்பது யார்? நண்பரா? அவர் எழுந்திருப்பதற்குள் டிபன் பாக்ஸ் ரயில் ஏறிப் போயிருக்கும். விடுதியிலிருந்து மெஸ் பில் வந்தால் அது செலவு. வீட்டில் அம்மாவின் தூக்கம் போனால் அது எந்தக் கணக்கிலும் வராது!

எல்லாரும் பிள்ளைகளுக்கு ரூம் எடுத்துக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்து போய் வந்தால்தான் படிப்பே என்கிற நிலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு அறிவித்ததே, அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று பஸ் பாஸுக்கு அப்பாவிடம் கை நீட்டியவர்களைக் கேட்டால் தெரியும். கல்லூரி 20 நிமிட தூரத்தில் இருந்தால் வாடகை தண்டச் செலவுதான், சந்தேகமே இல்லை. என் சண்டை, காசு இருந்தும் காசைக் காரணம் காட்டுகிறவர்களோடு. பையனுக்கு விடுதிக் கட்டணம் கட்டும்போது வராத சிக்கனம், பெண்ணுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?

கொஞ்சம் துருவியதும் நண்பர் உண்மைக்கு வந்தார். ‘‘காலம் கெட்டுக் கிடக்கு சார். பையன்னா எப்படியும் சமாளிச்சுக்குவான்.’’ (பையன் சமாளிக்கும் லட்சணம் எனக்குத் தெரியும். அழுக்குத் துணியை மூட்டை கட்டி ஊருக்கு எடுத்து வருகிறான். துவைப்பது அதே அம்மா.)

அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. மோசமான விடுதிகள் இருக்கத்தான் செய்கின்றன. அதற்காகத்தான் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்த 2014-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. சரி, மகளைச் சேர்க்கப் போகும்போது ‘உரிமத்தைக் காட்டுங்க’ என்று கேட்ட அப்பாக்கள் எத்தனை பேர்? நாம் கேட்பது ஒரே கேள்விதான்... ‘கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?’ பூட்டு இருந்தால் போதும், நமக்கு நிம்மதி.

கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இந்தப் பூட்டை எதிர்த்து 2022-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். இரவு 9.30-க்கு மேல் விடுதியை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. நாளைக்கு நடுராத்திரியில் பிரசவம் பார்க்கப்போகிற டாக்டர்கள் இவர்கள்! பெண்களை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. அதன் பிறகுதான் ஆண், பெண் இரு விடுதிகளுக்கும் ஒரே நேரம் என்று அந்த மாநில அரசு உத்தரவு போட்டது.

நண்பரிடம் இதையெல்லாம் கொட்டிவிட்டு வந்தேன். போன மாதம் போன் செய்தார். மகளோடு போய், கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியைப் பார்த்துவிட்டு வந்தாராம். ரூம் பரவாயில்லையாம். சாப்பாடு சுமாராம்.

‘‘எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிடறாங்க சார். அதுதான் எனக்குப் பிடிச்சுது!’’ என்றார்.

‘‘சரி, பையனோட விடுதியில எத்தனை மணிக்குப் பூட்டறாங்க?’’ என்று கேட்டேன்.

அவருக்குத் தெரியவில்லை.