என்ஜின் வாங்க மானியம் உண்டு; பழுது பார்க்க யார் பொறுப்பு?

கேரளக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் 9-ந் தேதி நள்ளிரவு முதல் ஜூலை 31-ந் தேதி முடிய இழுவலை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 1988-ம் ஆண்டில் தொடங்கிய மழைக்காலத் தடை, இப்போது 52 நாட்கள் நீடிக்கிறது. ஆனால் பின்புறத்தில் 'அவுட்போர்டு' என்ஜின் மாட்டி ஓட்டப்படும் வள்ளங்களுக்கும் சிறு படகுகளுக்கும் இந்தத் தடை கிடையாது. பெரிய படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் இந்த நாட்கள்தான் சிறிய படகுக்காரர்களுக்கு அறுவடைக் காலம்.

அந்த அறுவடைக் காலத்தில் என்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது?

விழிஞ்ஞம் முதல் முனம்பம் வரை கடல் தொழில் செய்யும் ஒவ்வொருவரும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் கேள்வி இது. அவர்களில் குமரி மாவட்டத்திலிருந்து பிழைப்புக்கு வந்த தமிழர்களும் இருக்கிறார்கள். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி எல்லை பிரிக்கப்படும்வரை ஒரே ராஜ்யமாக இருந்த கரை இது. எல்லை பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. தொழிலில் உள்ள தொல்லையும் பிரியவில்லை.

துடுப்பு போய் என்ஜின் வந்தது

கேரளத்தின் வள்ளங்களில் அவுட்போர்டு என்ஜின் பெருமளவில் பரவியது 1980-களில்தான். அதற்கு முன்பு பாயும் துடுப்புமே துணை. துடுப்பு ஒடிந்தால் மீனவரே செதுக்கிக்கொள்வார். பாய் கிழிந்தால் வீட்டில் உட்கார்ந்தே தைத்துக்கொள்வார். என்ஜின் அப்படிப்பட்டதல்ல. அதைத் திறக்கத் தனி ஆள் வேண்டும். தனிக் கருவி வேண்டும். ஜப்பானிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வரும் உதிரி பாகம் வேண்டும். சுருங்கச் சொன்னால், மீனவர் வேகத்தைப் பெற்றார். தன் கருவியைத் தானே சீர்செய்யும் சுதந்திரத்தை இழந்தார்.

சிறிய படகுகளில் பெரும்பாலும் காண்பது 9.9 குதிரைத்திறன் என்ஜின். பெரிய வலை போடும் வள்ளங்களில் 40 குதிரைத்திறன் என்ஜின்கள் ஒன்றுக்கு மேல் மாட்டப்படுகின்றன. இவற்றை வாங்க அரசின் மானியமும், கூட்டுறவு மூலமாகக் கடனும் கிடைக்கும் திட்டங்கள் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றன. அது நல்லதுதான். ஆனால் என்ஜின் கடையில் இருப்பது சில நாட்கள். கடலில் உழைப்பது பல ஆண்டுகள். மானியம் கடை வாசலோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் அந்த என்ஜினுக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை.

நஷ்டம் யாருடையது?

"ரிப்பேர் செலவு முதலாளியின் தலைவலி, கூலிக்காரனுக்கு என்ன?" என்று நினைப்பவர்கள் உண்டு. இது தவறான கணக்கு.

இந்தக் கரையில் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, பங்கு முறைதான். மீன் ஏலம் போன பணத்தில் எரிபொருள் முதலிய அன்றாடச் செலவைக் கழித்துவிட்டு, மீதியைப் படகுக்கு இவ்வளவு, ஆட்களுக்கு இவ்வளவு என்று ஊர் வழக்கப்படி பிரிக்கிறார்கள். ஒரு நாள் 10,000 ரூபாய்க்கு மீன் விற்றது என்று வைத்துக்கொள்வோம். செலவு 4,000 என்றால் பிரிப்பதற்கு 6,000 மீதி. என்ஜினைச் சரியாகப் பழுது பார்க்காததால் எரிபொருள் கூடுதலாகக் குடித்து, செலவு 5,000 ஆகிவிட்டால் மீதி 5,000-தான். குறைந்த ஆயிரம் ரூபாயில் ஒரு பகுதி தொழிலாளியின் பங்கிலிருந்தும் போகிறது. இது உதாரணக் கணக்குதான். ஆனால் முறை இதுவே. பட்டறைக்கு ஒரு காசும் கொடுக்காத தொழிலாளி, மோசமான பழுதுக்கு நாள்தோறும் வரி கட்டுகிறார். படகு கரையிலேயே கிடந்தாலோ பங்கே இல்லை.

பணத்தோடு போனாலும் பரவாயில்லை. திருவனந்தபுரம் மாவட்டம் முதலப்பொழி துறைமுக முகத்துவாரத்தில் படகுகள் கவிழ்ந்து பலர் உயிரிழந்திருக்கிறார்கள். மணல் சேர்வதும் அலையின் சீற்றமுமே அங்கு பேசப்படும் காரணங்கள். ஆனால் அத்தகைய இடத்தில் அலைக்கு நடுவே என்ஜின் ஒரு நிமிடம் நின்றுபோனால், படகைத் திருப்ப வழியேது? பட்டறைக்காரர் முடுக்கிய ஒரு திருகாணியை நம்பித்தான் படகில் உள்ள அத்தனை பேரும் முகத்துவாரத்தைக் கடக்கிறார்கள். ஆகவே நேர்மையான பழுது என்பது உயிர்ப் பிரச்சினை.

மெக்கானிக்கின் தரப்பு

எல்லாக் குற்றத்தையும் மெக்கானிக்கின் மீது சுமத்துவது எளிது. அது நியாயமாகாது.

இந்த என்ஜின்களில் பல, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டப்படுபவை. மண்ணெண்ணெய் முழுவதும் எரியாமல் கரி படியும். ஸ்பார்க் பிளக் அடைக்கும். பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். கரைக்கு வரும்போது மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி உப்பைக் கழுவ வேண்டும். களைத்து வரும் ஆட்கள் இதைச் செய்யாமல் விட்டுவிடுவது உண்டு. டூ ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயிலைக் குறைத்துக் கலப்பதும் உண்டு. பிறகு பழி பட்டறையின் மேல் விழுகிறது.

மேலும், மெக்கானிக் கடனுக்கு வேலை செய்கிறார். மீன் கிடைத்த பிறகுதான் பணம் வரும். அசல் பாகம் விலை அதிகம் என்று சில உரிமையாளர்களே போலி பாகத்தை வாங்கிவந்து மாட்டச் சொல்கிறார்கள். ஜூன், ஜூலையில் எல்லா என்ஜின்களும் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. அவசரத்தில் நடக்கும் வேலை அரைகுறையாவதில் ஆச்சரியமில்லை.

என்றாலும், ஏமாற்று வேலையும் நடக்கத்தான் செய்கிறது. மாற்றாத பாகத்தை மாற்றியதாகக் கணக்கு எழுதுவது, நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதைப் பொருத்துவது, போலிக்கு அசல் விலை வாங்குவது, ரசீது தர மறுப்பது ஆகியவை எந்தப் பழுது தொழிலிலும் உள்ள நோய்கள். என்ஜினைத் திறந்து பார்க்கத் தெரியாதவரிடம் இந்த நோய் எளிதில் பரவும்.

கண்ணால் காணும் சாட்சிகள்

எல்லாம் தெரிந்தவராக உரிமையாளர் இருக்க வேண்டியதில்லை. சில அறிகுறிகளைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

என்ஜின் ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் தடையின்றிப் பீச்ச வேண்டும். அது மெலிந்தால், குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர் இறக்கைச் சக்கரம் தேய்ந்திருக்கலாம். அல்லது குழாயில் உப்போ மணலோ அடைத்திருக்கலாம். சிறிய செலவில் முடியும் இதைக் கவனிக்காமல் விட்டால், என்ஜின் சூடேறி பிஸ்டன் இறுகும். பிறகு செலவு பல மடங்காகும். கீழே விசிறிக்கு மேலுள்ள கியர் பெட்டியின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். சிலிண்டரின் அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்கலாம். "பிஸ்டன் வேலை செய்ய வேண்டும்" என்று பட்டறையில் சொன்னால், வேலைக்கு முன்பும் பின்பும் அந்த அளவைக் காட்டும்படி கேட்பதில் தவறில்லை. நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அதற்கும் மேலாக மூன்று பழக்கங்கள் உரிமையாளரைக் காப்பாற்றும். வேலை தொடங்கும் முன் உத்தேசச் செலவை எழுதி வாங்குவது ஒன்று. கழற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்குவது இரண்டு. பாகத்தின் எண்ணோடு ரசீது பெற்று, தேதிவாரியாக ஒரு நோட்டில் குறித்து வைப்பது மூன்று. நம்பிக்கை மனதில் இருந்தால் மட்டும் போதாது. காகிதத்திலும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பலருக்கும் தெரியாத சில வசதிகளைத் தந்திருக்கிறது. விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிகமாக அது கருதுகிறது.

"படகு தொழிலுக்கானது, நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். ஆனால் ஒருவர் தன் பிழைப்புக்காகவே, சுயதொழிலாகச் செய்வதற்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் 'வணிக நோக்கம்' ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. தானே கடலுக்குப் போகும் சிறு படகுக்காரருக்கு இது பெரிய துணை. பல படகுகளை ஆள் வைத்து நடத்துபவருக்கு இந்த வாதம் எளிதில் பொருந்தாது.

ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இன்னொரு முக்கிய வசதி உண்டு. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ, உழைத்துப் பிழைக்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். பழைய சட்டப்படி எதிராளியின் ஊருக்கே அலைய வேண்டியிருந்த நிலை இப்போது இல்லை. கொல்லத்தில் தொழில் செய்யும் குமரி மாவட்டத்துக்காரர், கொல்லத்திலும் மனு கொடுக்கலாம். குடும்பமும் குடியிருப்பும் சொந்த ஊரில் என்றால் நாகர்கோவிலிலும் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் அந்த ரசீதுதான்.

விடுபட்ட என்ஜின்

2022-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுது பார்க்கும் உரிமை' குறித்து ஒரு குழு அமைத்தது. வாங்கிய பொருளை விரும்பிய இடத்தில் பழுது பார்க்க வசதியாக, தயாரிப்பாளர்கள் உதிரி பாகங்களும் விவரங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. முதலில் கவனிக்கத் தேர்ந்தெடுத்த துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். உழவரின் டிராக்டருக்கு இடம் கிடைத்தது. மீனவரின் என்ஜினுக்குப் பெயர் சொல்லி இடம் கிடைக்கவில்லை. கடலில் பிழைப்பவர்களின் கருவியும் இந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மாநில அரசும் செய்ய வேண்டியது உண்டு. 1984-ல் அமைக்கப்பட்ட மத்ஸ்யபெட் என்ற கேரள மீனவர் கூட்டுறவு இணையம், என்ஜின் உதிரி பாகங்களை விற்கிறது. பழுது பார்க்கும் பட்டறைகளையும் நடத்துகிறது. 1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. பட்டறையின் உடைமையாளரும் வாடிக்கையாளரும் ஒரே மீனவர் என்றால் ஏமாற்றுக்கு இடம் குறையும் என்பதே கூட்டுறவின் தத்துவம். இத்தகைய பட்டறைகள் எல்லா மீன்பிடி தளங்களிலும் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் கூலி விவரப் பலகை தொங்க வேண்டும். மானியத்தில் என்ஜின் விற்கும் நிறுவனம், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அருகிலேயே சர்வீசும் உதிரி பாகமும் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் மானியத்தோடு சேர்க்கலாம்.

மண்ணெண்ணெய் விலையேற்றமும் தட்டுப்பாடும் காரணமாக, பெட்ரோல், டீசல், எரிவாயு என்ஜின்களுக்கு மாறும் முயற்சிகள் நடக்கின்றன. புதிய என்ஜின் வந்தால் பழைய பட்டறையின் அனுபவம் மட்டும் போதாது. மீன்பிடிக் கலங்களில் வேலை செய்வோருக்குப் பயிற்சி தரும் மத்திய நிறுவனம் 1963 முதல் கொச்சியிலேயே இருக்கிறது. கரையோர மெக்கானிக்குகளுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க இதைவிட நல்ல இடம் எது?

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளம் தத்தளித்தபோது, லாரிகளில் படகுகளை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தவர்கள் இந்த மீனவர்கள்தான். அன்று மாநிலமே அந்த என்ஜின்களின் சத்தத்துக்காகக் காத்திருந்தது. அந்தச் சத்தம் கடலில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது நன்றிக்கடன் மட்டுமல்ல. நிர்வாகக் கடமையும் ஆகும்.

அதுவரை மீனவர் கையில் உள்ள ஆயுதம் ஒரு நோட்டும் ரசீதும்தான். கடலுக்குப் போகிறவருக்கு மனு எழுத நேரமும் பழக்கமும் குறைவு. அலுவலகத்தில் எழுதிப் பழகிய தமிழர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்து வீட்டு மீனவரின் ரசீதுகளை அடுக்கிக் கொடுத்தால், அதுவும் ஒரு பழுது பார்க்கும் வேலையே.