வெட்டுப்பொறியும் உடையார் உரிமையும்

ஒருவர் பொருள் கொடுத்து வாங்கிய கருவி அவருடைய ஏவலுக்கு அடங்கி நிற்றல் வேண்டும் என்பது உலகம் ஒப்பிய முறையாம். உளி வாங்கிய தச்சனை நோக்கி, 'திங்கள்தோறும் இருபது மரத்துண்டுகளுக்குமேற் செதுக்க வேண்டின் எமக்குத் தனிக்கட்டணம் செலுத்துக' என்று அதனை அடித்துக் கொடுத்த கொல்லன் கூறுவதில்லை. கூறின் ஊரார் நகைப்பர். ஆயினும் அத்தகைய கட்டளையொன்று இக்காலத்து வீட்டுக் கைவினைஞரை நோக்கிப் பிறந்தது. அதனைப் பற்றி எமது கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழ்த்து மடல்களையும், படத்தொகுப்பு ஏடுகளின் அலங்காரங்களையும், சட்டைமேற் பதிக்கும் எழுத்துக்களையும் வீட்டிலிருந்தே செய்து மகிழ்வோர் பலர். அவர்கள்பொருட்டு எழுந்ததே வீட்டு வெட்டுப்பொறி. கிரிகட், சில்லவுட், பிரதர் என்னும் பெயர்களால் அது விற்கப்படுகின்றது. மேசைமேல் அடங்கும் சிறு பெட்டி அது. தாளையேனும் வைனில் என்னும் மெல்லிய படலத்தையேனும் பசைப்பாயொன்றின்மேல் ஒட்டி உட்செலுத்தினால், உருளைகள் அப்பாயை முன்னும் பின்னும் நகர்த்த, நுண்ணிய கத்தியொன்று இடமும் வலமும் ஓடி, வேண்டிய உருவத்தை அறுத்துத் தரும்.

அக்கத்திக்கு வழிகாட்டுவது வெட்டுக் கோப்பு. புகைப்படம் என்பது எண்ணிறந்த வண்ணப் புள்ளிகளின் கூட்டமாதலின், கத்தி செல்லுதற்குரிய வழி அதில் வரையறுக்கப்படவில்லை. வெட்டுக் கோப்போ, கோடு எங்கே தொடங்கி எவ்வாறு வளைந்து எங்கே முடியும் என்பதைக் கணித முறையாற் குறித்து வைப்பது. ஆகவே எத்துணைப் பெருக்கினும் சுருக்கினும் அதன் ஓரம் சிதைவுறாது. இத்தகைய கோப்புக்களிற் சிறந்ததாகிய எஸ்.வி.ஜி. என்னும் வடிவத்தை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001ஆம் ஆண்டில் பொதுவிதியாக வெளியிட்டது. அஃது எவருடைய தனியுடைமையும் அன்று. அவ்வடிவில் வரைதற்கு இன்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் 2003ஆம் ஆண்டு முதல் விலையின்றியே கிடைத்து வருகின்றது.

கோப்பு வரைதல் எளிய வேலையென்று எண்ணற்க. தொடுத்தெழுதிய எழுத்துக்களை ஒன்றோடொன்று இணைத்து ஒரே உருவாக்காவிடின், அவை ஒன்றன்மேல் ஒன்று படியும் இடந்தோறும் கத்தி குறுக்கே பாய்ந்து சொல்லைத் துண்டாக்கும். வண்ணம் பூசுதற்குரிய அச்சுத்தகடு வெட்டுங்கால், சுழியுள்ள எழுத்தின் நடுப்பகுதியைச் சிறு பாலங்களால் தாங்காவிடின் அது கழன்று விழும். துணியின்மேல் வெப்பத்தால் ஒட்டும் படலத்திற்கு உருவத்தை இடவலமாக மாற்றிக் கொடுத்தல் வேண்டும். இவையெல்லாம் அறிந்து தம் கற்பனையைக் கோப்பாக்குபவர், பொறியை வெறுமனே இயக்குபவர் அல்லர், மெய்யான கைவினைஞரேயாவர்.

இக்கைவினைஞர் தம் பொறியைத் தம் விருப்பப்படி ஆளுதற்கு எளிதில் இடம்பெற்றாரல்லர். கிரிகட் பொறி, யூட்டா மாநிலத்துப் புரோவோ கிராப்ட் என்னும் நிறுவனத்தாரால் முதன்முதல் விற்கப்பட்ட காலத்தில், அவர்களே விற்ற பேழைகளில் அடங்கிய உருவங்களை வெட்டுதற்கென்றே அமைந்திருந்தது. பிறர் இயற்றிய சில மென்பொருள்களின் துணைகொண்டு தம் உருவங்களையும் வெட்ட மக்கள் முற்பட்டனர். அம்மென்பொருளாளர்மீது நிறுவனத்தார் வழக்குத் தொடுத்தனர். 2011ஆம் ஆண்டளவில் அவ்வழியும் அடைபட்டது. பின்னர்த் தம் சொந்தக் கோப்பை ஏற்றுதற்கு நிறுவனத்தாரே இடமளித்தனராயினும், அஃது அவர்களுடைய டிசைன் ஸ்பேஸ் என்னும் மென்பொருளின் வழியே, அவர்களிடம் பதிந்துகொண்ட கணக்கின் மூலமே நிகழவேண்டியதாயிற்று.

அதன் விளைவு 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிப்பட்டது. சந்தா செலுத்தாதார் திங்களொன்றுக்கு 20 கோப்புக்களுக்குமேல் ஏற்றலாகாது என்று அந்நிறுவனம் அறிவித்தது. பொறியின் முழு விலையையும் முன்னரே கொடுத்துவிட்டவர்கள் வெகுண்டெழுந்தனர்; பல்லாயிரவர் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். சில நாட்களுக்குள்ளேயே நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து அத்திட்டத்தை முற்றும் கைவிட்டார். மக்கள் வென்றனர் என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய கட்டளையைப் பிறப்பித்தற்கு இடந்தந்த அமைப்பு மாறவில்லை. கதவின் திறவுகோல் பிறர் கையில் இருக்கும்வரை, இன்று திறந்திருக்கும் கதவு நாளை அடைபடாது என்பதற்கு யாது உறுதி?

கோப்புக்களைச் சேமித்துக் காக்கும் கணிப்பொறிகளுக்குச் செலவு உண்டே, அச்செலவை யார் ஏற்பது என்று நிறுவனத்தின் சார்பில் வினவுவார் உளர். வினா நேர்மையானதே. ஆனால் தம் கோப்பைத் தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே வைத்துக்கொண்டு நேரே வெட்டுதலையே மக்கள் விரும்பினர். தம் மாளிகை வழியாகவே யாவரும் செல்லவேண்டும் என்று விதித்தவரே, மாளிகையைப் பெருக்கும் கூலியையும் வழிப்போக்கரிடம் கேட்பது எங்ஙனம் பொருந்தும்? பிறிதொரு வழி இயலாததும் அன்று. பிரதர் பொறிகளிற் சில, தாளிற் கையால் வரைந்த படத்தைத் தாமே வருடியறிந்து வெட்டவல்லன.

தையற்பொறியின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரராகிய எபநேசர் பட்டரிக் என்பார், 1863ஆம் ஆண்டில், அளவுவாரியாக வெட்டிய தாள் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். அவற்றை வாங்கியவர் எந்தப் பொறியிலும் தைத்தனர். வாங்காதவர் தாமே வரைந்து தைத்தனர். மாதிரி எங்கிருந்து வந்ததென்று எந்தத் தையற்பொறியும் கேட்டதில்லை. மாதிரி விற்றாரும் வாழ்ந்தனர், பொறி விற்றாரும் வாழ்ந்தனர், தைத்தாரும் வாழ்ந்தனர். அவ்வுரிமை வெட்டுப்பொறிக்கு மட்டும் ஏன் மறுக்கப்படல் வேண்டும்?

உரிமை வேண்டுவார் பிறருடைய உரிமையையும் ஓம்புதல் கடன். வெட்டுக் கோப்புக்களை வரைந்து விற்றுப் பிழைப்போர் பலர் உளர். சொந்தப் பயனுக்கென்று வாங்கிய கோப்பைக் கொண்டு பண்டம் செய்து விற்பதும், ஒருவர் வாங்கியதை நூறுபேருக்குப் பகிர்ந்தளிப்பதும், வரைந்தவருடைய உழைப்பைக் களவாடுதலேயாகும். நிறுவனத்தின் பேராசையைக் கடிந்துரைக்கும் நாவு இச்சிறு களவுக்கு மட்டும் சமாதானம் தேடுமாயின், அக்கடிதலுக்கு வலிமை இராது.

ஆதலின் இப்பொறியை வாங்கக் கருதுவோர், அதன் விலையையும் நிறத்தையும் ஆராய்வதற்கு முன், சில வினாக்களை எழுப்புதல் நன்று. வலைத்தொடர்பு அற்ற நாளிலும் இது வேலை செய்யுமா? யான் வரைந்த கோப்பைத் தடையின்றி ஏற்குமா? விற்றவர் தம் கடையைச் சாத்திவிட்டால் இது வெறும் பெட்டியாகிவிடுமா? இவற்றிற்குத் தக்க விடை பெற்ற பின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும். வாங்கிய பின்னும், தம் கோப்புக்களைப் பொதுவடிவில் தம் வீட்டிலேயே படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது. எல்லாவற்றிற்கும் மேலாக, கோடு வரையத் தாமே கற்றுக்கொள்க. பிறர் வரைந்ததை வாங்கி வெட்டுவதில் தவறில்லை; ஆயினும் தம் மனத்தில் தோன்றிய உருவத்தைத் தாமே வரைந்து வெட்டியெடுக்கும் இன்பத்திற்கு அஃது ஈடாகாது. அவ்வின்பத்தைத் திங்களுக்கு இத்துணையென்று அளந்து கொடுக்கும் அதிகாரம், பொறியை விற்ற எவருக்கும் உரியதன்று.