பம்புக்குப் பணம் புரட்டியாயிற்று, வால்வுக்கு?

இதயம் செயலிழந்தவர்களுக்கு இடது கீழறையில் இயந்திர பம்ப் பொருத்தும் சிகிச்சை சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. செலவு அரைக் கோடி ரூபாயைத் தாண்டும். திருத்தணி பக்கத்தில் ஒரு குடும்பம் நிலத்தை விற்றோ ஊரெல்லாம் கடன் வாங்கியோ அதைப் பொருத்திக்கொண்டால், அதோடு செலவு முடிந்தது என்றுதான் நினைக்கும். அப்படி முடிவதில்லை.

பம்ப் ரத்தத்தை இடைவிடாமல் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அதன் வாசலில் உள்ள வால்வுக்குத் திறந்து மூடும் வேலை குறைந்துபோகிறது. மேலிருந்து அழுத்தம் மட்டும் ஓயாமல் விழுகிறது. மடல்கள் ஒட்டிக்கொண்டு சுருங்குகின்றன, வால்வு கசியத் தொடங்குகிறது. தள்ளிய ரத்தம் கசிந்து பம்புக்கே திரும்பி வரும்; ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான். நோயாளிக்குப் பழைய மூச்சுத்திணறலும் கால்வீக்கமும் வந்துவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரின் நெஞ்சை இரண்டாம் முறை பிளப்பது பெரிய ஆபத்து. அதனால்தான் தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு வைக்கும் ‘டாவி’ முறையை மருத்துவர்கள் நாடுகிறார்கள். 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலைன் கிரிபியே முதன்முதலாகச் செய்தது இது. ஆனால், சுண்ணாம்பு படிந்து குறுகிய வால்வுக்காகப் பிறந்த முறை. புது வால்வு பிடித்து நிற்பதே அந்தச் சுண்ணாம்பில்தான். பம்ப் நோயாளியிடம் பெரும்பாலும் அது இருக்காது. வால்வு நழுவி இதய அறைக்குள் விழலாம். பெரிய அளவாகப் பார்த்து வைக்கிறார்கள். சிலருக்கு ஒன்றுக்குள் இன்னொன்று வைக்க வேண்டியிருக்கிறது. மடலையே கவ்விப் பிடிக்கும் ‘ஜெனாவால்வ்’ 2021இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. நம் நாட்டிலும் குஜராத்தின் வாபியில் மெரில் நிறுவனம் ‘மைவால்’ என்ற டாவி வால்வைத் தயாரிக்கிறது, 32 மில்லிமீட்டர் அளவு வரை. ஆகவே, கைவசம் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. விலைதான் பல லட்சம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுகளுக்குத் தனியாகத் தொகுப்பு நிதி உண்டு. பம்ப் நோயாளிகளின் வால்வுச் செலவை அந்த நிதியே ஏற்க வேண்டும். மத்திய அரசும் சும்மா இருக்கலாகாது. 2017 பிப்ரவரியில் மருந்து தடவிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தபோது தொழிலே படுத்துவிடும் என்றார்கள், படுக்கவில்லை. டாவி வால்வுக்கும் ஒரு வரம்பு வைக்கட்டும்.

ஒரு சிலருக்காக இவ்வளவு பணமா, அதில் எத்தனை பேருக்கு டயாலிசிஸ் செய்யலாம் என்ற கேள்வி நியாயமானது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வால்வு கெடும்வரை காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் செலவான வழி. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் கசிவு வளரும் வேகம் குறைகிறது. திருத்தணியில் அந்த அழுத்தத்தை அளப்பது யார்?

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். பம்ப் வைத்தவரின் மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி பெரும்பாலும் தட்டுப்படாது. கையில் பட்டையைச் சுற்றினால் தானியங்கிக் கருவி பல நேரங்களில் பிழை காட்டி நின்றுவிடும். விவரம் தெரியாதவர் பதறிப்போவார், அல்லது எதையும் எழுதாமல் அடுத்த வீட்டுக்குப் போவார். இவர்களுக்கு டாப்ளர் கருவி வைத்துத்தான் அழுத்தம் பார்க்க வேண்டும். கையடக்க டாப்ளர் சில ஆயிரம் ரூபாய்தான். வால்வு விலையோடு ஒப்பிட்டால் சில்லறை.

இவர்களை மாதாமாதம் ரயிலேற்றிச் சென்னைக்கு அலையவிடக் கூடாது. திருத்தணி அரசு மருத்துவமனையில் ஒரு டாப்ளர், அதைக் கையாளத் தெரிந்த செவிலியர், வால்வைக் கவனித்து எழுதும் எக்கோ பரிசோதனை ஆகியவை வேண்டும். பம்ப் பொருத்தும் மருத்துவமனை, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே அவர் ஊர் அரசு மருத்துவமனைக்குத் தகவல் தர வேண்டும் என்று சுகாதாரத் துறை உத்தரவிடட்டும். முதலில் தரும் செலவு மதிப்பீட்டிலேயே, பின்னால் வால்வு தேவைப்படலாம் என்பதை அதன் உத்தேச விலையோடு தமிழில் எழுதிக் கொடுப்பதையும் அதே உத்தரவில் சேர்க்கலாம்.