லாரி டேங்கில் எவ்வளவு கந்தகம்? அந்த எண் ரசீதில் வரட்டும்!

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில், எப்போதும்வென்றான் வழியாகத் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு இரவு பகல் கிடையாது. இந்தக் கரிசல் பக்கத்தில் கந்தகம் என்றதும் நினைவுக்கு வருவது கோவில்பட்டி தீப்பெட்டிதான். குச்சி முனை மருந்தில் கந்தகம் வேண்டும். டீசலில் மட்டும் அது இருக்கவே கூடாது. ஏன்?

டீசலுக்குள் கந்தகம் எப்படி வந்தது?

கச்சா எண்ணெயிலேயே இருக்கிறது. சில நாட்டு எண்ணெயில் அரை சதவீதத்துக்கும் குறைவு. சிலவற்றில் 2, 3 சதவீதம். மணலி சிபிசிஎல் போன்ற சுத்திகரிப்பு ஆலைகள், அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனைச் செலுத்தி அதைப் பிரித்தெடுக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 எரிபொருள்தான். அதாவது, ஒரு கிலோ டீசலில் 10 மில்லிகிராம் கந்தகத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பி.எஸ். 4 காலத்தில் 50, பி.எஸ். 3 காலத்தில் 350 வரை அனுமதி இருந்தது.

எக்ஸ்ரேவுக்கு இங்கே என்ன வேலை?

இரண்டு வேலை. முதலாவது, 'எவ்வளவு?' என்று சொல்வது. எண்ணெய் மீது எக்ஸ்ரே பாய்ந்தால் கந்தக அணுவின் உள்கூட்டு எலெக்ட்ரான் ஒன்று வெளியேறும். அந்தக் காலி இடத்தை இன்னோர் எலெக்ட்ரான் நிரப்பும்போது, கந்தகத்துக்கே உரிய எக்ஸ்ரே ஒன்று வெளிவரும். கைரேகை மாதிரி. அதன் செறிவை அளந்தால் சில நிமிடங்களில் மொத்தக் கந்தகம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, 'எந்த வகை?' என்று சொல்வது. கந்தகம் சுமார் 2,472 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் எக்ஸ்ரேயைச் சட்டென்று உறிஞ்சும். அது எந்த அணுக்களோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இடம் கொஞ்சம் நகரும். இந்த நகர்வை வைத்து, பெட்ரோலியத்தின் கனமான பகுதியில் கந்தகம் எந்தெந்த வடிவில் இருக்கிறது என்று 1989-ல் கிரஹாம் ஜார்ஜும் மார்ட்டின் கார்பாட்டியும் காட்டினார்கள். சல்பைடு வகை சுலபமாகப் பிரியும். வளையத்துக்குள் உட்கார்ந்திருக்கும் தயோஃபீன் வகை லேசில் அசையாது. கூடுதல் ஹைட்ரஜன், கூடுதல் செலவு. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிற நாட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். இவ்வளவு நுட்பமாகப் பார்க்க சின்க்ரோட்ரான் வேண்டும். இந்தியாவில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது.

சரி, லாரிக்காரருக்கு இதுல என்ன?

பி.எஸ். 6 வண்டியின் புகைக்குழாயில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கிகள் இருக்கின்றன. கந்தகம் அவற்றின் மேல் படிந்து செயலிழக்க வைக்கும். மாற்றும் செலவு வண்டிக்காரர் தலையில் விழும். வெளியேறும் புகை சாலையோர ஊர்களுக்கு.

ஒரு கணக்கு பார்க்கலாம். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 0.5 சதவீதம். இது லாரி டீசலுக்கான வரம்பைப்போல 500 மடங்கு. 10 மில்லிகிராம் உள்ள டீசலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அந்த எண்ணெய் கலந்தாலே அளவு 15-ஐத் தொட்டுவிடும். கலப்படம் செய்பவர் ஆயிரத்தில் ஒன்றோடு நிறுத்தவும் மாட்டார்.

பங்கில் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. அங்கே கன மீட்டருக்கு 3 கிலோ வரை வித்தியாசம் ஏற்றுக்கொள்ளப்படும். மேலே சொன்ன கலப்பு மாற்றுவதோ 0.2 கிலோகூட இல்லை. அதாவது, மக்கள் கையில் இருக்கிற சோதனைக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

என்ன செய்யலாம்?

பங்குக்குப் பங்கு எக்ஸ்ரே கருவி வைப்பது நடக்கிற காரியமில்லை. சாதாரண மேசைக் கருவிகள் பல 10 மில்லிகிராம் அளவில் தடுமாறும். அலைநீளம் பிரித்துப் பார்க்கும் விலை கூடிய வகைதான் வேண்டும். ஆனால், கப்பல் எண்ணெயும் சாலை டீசலும் பக்கத்திலேயே புழங்கும் தூத்துக்குடி போன்ற மாவட்டத்துக்கு ஒரு கருவியாவது வேண்டாமா? சந்தேகப்படும் வண்டிக்காரர் கட்டணம் கட்டி மாதிரி கொடுத்து முடிவை வாங்கிப்போகும் வசதி வேண்டாமா?

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆலையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தொகுதி டீசலுக்கும் கந்தக அளவு சோதிக்கப்பட்டுத்தான் சான்று தரப்படுகிறது. எண் ஏற்கெனவே இருக்கிறது. பங்கில் தரும் ரசீதில் விலைக்கும் லிட்டருக்கும் பக்கத்தில் அதையும் அச்சடித்தால் போதும். ஆலை சொன்ன எண் ஒன்று, டேங்கில் இருக்கும் எண் வேறொன்று என்றால், நடுவில் எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைக் கேட்க வண்டிக்காரருக்கு அப்போதுதான் ஆதாரம் கிடைக்கும்.