பிழையும் பிறவியும்

இராயபுரத்திலோ எண்ணூரிலோ ஒரு பிள்ளை “படகுகள் வந்தது” என்று எழுதிவிட்டால், “குப்பத்து நாக்குக்குத் தமிழ் எங்கே வரும்?” என்பதாகச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பிழை என்ன, பிறவியோடு வருகிற சங்கதியா என்று கேட்கிறோம்.

சிரிக்கிற பண்டிதரும் தம் வீட்டில் “படகெல்லாம் வந்துச்சு” என்றுதானே பேசுகிறார்? பேச்சில் அஃறிணைக்கு ஒருமையானாலும் பன்மையானாலும் வினை ஒன்றே. எழுத்தில்தான் இரண்டு. காதில் விழாத ‘வந்தன’ கையில் மட்டும் தானாக வந்துவிடுமா?

நிற்க, “படகு வந்தன” என்பது சரியா, தப்பா என்று அந்தப் பண்டிதரையே கேளுங்கள். தப்பு என்பாரானால் அவர் நன்னூலை அறியாதவரே. ‘கள்’ சேராத அஃறிணைப் பெயர் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் பொது என்பது அந்நூலின் விதி. ‘கள்’ சேர்ந்துவிட்டால் பன்மை உறுதி. ஆகையால் ‘வந்தன’ என்றே முடிய வேண்டும். இவ்வளவுதான் சங்கதி.

ஆகவே, தாய் தகப்பன்மார்களே! பிள்ளையைக் காசிமேட்டுக் கரையில் நிறுத்தி, “ஒரு படகு வந்தது, பத்துப் படகுகள் வந்தன” என்று எண்ணிச் சொல்லச் செய்யுங்கள். நாளைக்கு ஒரு பிழை திருத்தினால் போதும், காரணத்தோடு திருத்துங்கள். காரணம் தெரிந்த பிழை மறுபடி வராது. கேலிக்கு அஞ்சி நோட்டை மூடிய பிள்ளையோ மறுபடி பள்ளிக்கூடத்துக்கே வராது.